பேணாட்டின் ஒரேயொரு கேள்வி

நேர்முகத்துக்கு வரும் பெண்ணை அழவைத்து அனுப்புவதற்காகவே உட்துறைமுக வீதிக் கப்பல் முகவர் கந்தோரின் தலைமை எழுதுவினைஞர் பாக்கியரத்தினம் ஒரு கிழமையாய் நித்திரை கொள்ளாமல் கேள்வி தேடினார். சுயஸ் கால்வாயின் ஆழம், பனாமாவின் அகலம், பெருங்கடல்களின் உப்புக் கணக்கு. அந்தக் கேள்விகளைக் கேட்டால் கிழட்டுக் கப்டன்களே தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு விம்மியிருப்பார்கள். கந்தோருக்குத் தேவைப்பட்டதோ ஒரு டைப்பிஸ்ட்.

பிழை அந்தப் பெண்ணில் இல்லை. கிறிஸ்டின், களஞ்சியப் பொறுப்பாளர் பேணாட்டின் தங்கை மகள். அதுதான் குற்றம். மேசை மின்விசிறி யார் பக்கம் திரும்புவது என்ற தகராறில் பேணாட்டும் பாக்கியரத்தினமும் ஒருவரோடொருவர் கதைப்பதை நிறுத்திய காலத்துக்குள் இரண்டு உலகப் போர்களை நடத்தி முடித்திருக்கலாம். ஒரே மேசையில் முகத்துக்கு முகம் இருந்துகொண்டு, தேநீர் கொண்டுவரும் புஷ்பவதி மூலம்தான் செய்தி அனுப்புவார்கள். நேர்முகத்தில் தன்னிடம் ஒரேயொரு கேள்விதான் இருக்கிறது, 'எங்களிடம் கேட்க ஏதும் உண்டா' என்று வருகிறவளிடமே கடைசியில் கேட்கப்போவதாக பேணாட் புஷ்பவதி வழியாகச் சொல்லி அனுப்பினார். வேலை கேட்டு வருகிறவள் எங்களைக் கேள்வி கேட்பதா என்று பாக்கியரத்தினம் சிரித்த சிரிப்பில் துறைமுகத்துக் கோட்டைக்குள் மேய்ந்த மான்களெல்லாம் தலைதூக்கியிருக்கும்.

காகம்கூடப் பாஸ் இல்லாமல் துறைமுகத்துக்குள் பறக்காத யுத்த காலம் அது. நேர்முகத்தில் அவர்கள் இருவருக்கும் பக்கத்தில் மூன்றாவது கதிரை துறைமுகப் பாதுகாப்பு அதிகாரிக்கு. அவருக்குத் தமிழ் நன்றாக விளங்கும். அவர் கையெழுத்து வைத்தால்தான் பாஸ், பாஸ் இருந்தால்தான் வேலை. ஒரு வீட்டில் இளம் பெடியன் ஒருவன் குறைகிறான் என்று காதில் பட்டாலே, இயக்கத்துக்குப் போனவன் என்று எடுத்துக்கொண்டு பேனையை மூடிவிடுவார். அதனால் நகரத்துக் கந்தோர்களில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது: எதையும் கேள், குடும்பத்தைக் கேளாதே. குறையாத வீடு எங்கே இருந்தது? பாக்கியரத்தினத்தின் மூத்தவனும் ஒரு பின்னேரம் சைக்கிளில் போனவன்தான், திரும்பவில்லை. கொழும்பில் சித்தி வீட்டில் நிற்கிறான் என்று அவர் சொல்லாத ஆளில்லை. இல்லாத அந்தச் சித்தியின் வளவுப் பலாமரத்தில் எத்தனை காய் என்பது பஸ் நிலையத்துக் கச்சான் கடலைக்காரிக்கும் தெரியும். ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை.

கிறிஸ்டின் வந்தாள். சுயஸைச் சொன்னாள். பனாமாவைச் சொன்னாள். இன்னும் வெட்டாத கால்வாய்களையும் சொல்லிவிடுவாள் போலிருந்தது. பேணாட் கையை நீட்டி, மின்விசிறியை மெதுவாகத் தன் பக்கம் திருப்பினார். அது பாக்கியரத்தினத்தின் மண்டைக்குள் ஏறியது.

"உம்மட வீட்டில எத்தனை பேர்?"

வாசலில் புஷ்பவதியின் தட்டில் கோப்பைகள் கிலுங்கின.

"அம்மா, அப்பா, நான்."

"சகோதரங்கள்?"

அதிகாரி அன்று முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார். பேணாட், இத்தனை வருடத்துக்குப் பிறகு, நேரே பார்த்துச் சொன்னார்.

"பாக்கியம், அதை விடும்."

அந்த வாய் தன்னிடம் கெஞ்ச வேண்டுமென்று ஆயிரம் இரவு கனாக் கண்டவர் விடுவாரா? கேட்டதற்குப் பதில் வேண்டும் என்றார்.

"ஒரு அண்ணா இருக்கிறார், சேர். இப்ப வீட்டில இல்லை."

அதிகாரியின் கை பேனை மூடியைத் தேடியது. பாக்கியரத்தினம் கதிரையில் சாய்ந்தார். அந்த நிமிடத்தில் துறைமுகம் முழுவதும் அவருடையது.

பேணாட் அவள் பக்கம் திரும்பினார். "கடைசிக் கேள்வி, பிள்ளை. எங்களிட்டைக் கேக்க ஏதும் இருக்கோ?"

எழும்பப் போன கிறிஸ்டின் திரும்பவும் இருந்தாள். சட்டையை நீவிவிட்டாள். பாக்கியரத்தினத்தின் முகத்தைப் பார்த்து, எழுத்தெழுத்தாய் டைப் அடிப்பது போல, மிகவும் மரியாதையாகக் கேட்டாள்.

"ஓம். சேருக்கு எத்தனை பிள்ளையள்?"

மூடியைக் கையில் வைத்தபடியே அதிகாரி பாக்கியரத்தினத்தின் பக்கம் திரும்பினார். கொழும்பு என்று சொல்லலாம். எந்த வீதி என்று அவர் கேட்பார். பலாமரத்தைக் காட்டித் தப்பக்கூடிய இடமல்ல இது. மின்விசிறி பேணாட்டின் பக்கமே இரைந்தது. பாக்கியரத்தினத்தின் கழுத்தில் வியர்வை இறங்கியது. மேசைக்கடியில் அவருடைய விரல்கள் தாமாகவே எண்ணத் தொடங்கின. இரண்டு விரல் நிமிர்ந்தது. மூன்றாவது நிமிரவும் இல்லை, மடங்கவும் இல்லை.