காப்புக் கட்டிய இத்தாலிக் கார்

அந்த இத்தாலிக் காருக்கு மூக்குதான் உடம்பு. இன்ஜின் முழுக்க முன்னால், அதற்குப் பின்னால் இரண்டே சீட்டு. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நான் வாணியம்பாடியில் உட்கார்ந்திருந்தால், வண்டியின் மூக்கை ஆலங்காயத்தில் ஓரம் கட்டச் சொல்வார்கள்.

எங்கள் முதலாளி அப்துல் கய்யூம் சாயபுவிடம் பல வருஷம் தோல் வாங்கிய இத்தாலிக்காரர், ஊருக்குத் திரும்பும்போது அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போன வண்டி அது. சாயபு முதல் நாள் ஏறி உட்கார்ந்தார், சீட்டைத் தடவினார், முகர்ந்தார். "நம்ம தோலுதாம்பா. ஒடுகத்தூர் ஆடு" என்று இறங்கியவர் அப்புறம் ஏறவேயில்லை. தெரிந்தவர் மேல் எப்படி உட்காருவது என்றார். ஆகவே டிரைவராகிய நான் மட்டும் உட்கார்ந்தேன்.

அறுபத்திரண்டாம் வருஷம் ஆவணியில் எனக்கும் ஆலங்காயம் ரங்கசாமியின் மகள் வசந்திக்கும் கல்யாணம். ஊர்வலத்துக்கு இந்தக் காரை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் சாயபு. ஒன்பது நாள் இருக்கும்போது கூப்பிட்டார்.

"ராஜாக்கண்ணு, தோல் பதம் பண்ண கடுக்காய் தீந்துபோச்சு. லாரி பட்டறையில கெடக்குது. மலைக்கு ஒரு நடை போய் ரெண்டு மூட்டை கொண்டாந்துடுப்பா."

ஜவ்வாது மலையில் அப்போது மரம் ஏற்றும் லாரிக்குப் போட்ட கூப்பு ரோடு ஒன்றுதான். கார் வயிற்றைத் தேய்த்துக்கொண்டே ஏறியது. அது போன தடத்தில் கல்லெல்லாம் கூழாங்கல்லாகிவிட்டது.

மேலே ஊரில் மழையில்லாமல் சாமைப் பயிர் காய்ந்து நின்றது. பூசாரி தசரதன் மாரியம்மன் கோயில் வாசலில் மஞ்சள் நூலோடு உட்கார்ந்திருந்தார். என் புத்தி அங்கேதான் போனது.

"பூசாரி, கல்யாண வண்டி. கண்ணு பட்டுடும். ஒரு நூலு கட்டி வுடுங்க."

"கட்டலாமா?" என்றார். கட்டுங்க என்றேன். மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் சந்தோஷமாகச் சொன்னேன். ஸ்டியரிங்கில் ஒன்று, என் கையில் ஒன்று.

மூட்டையை ஏற்றிவிட்டுக் கிளம்பினால் ஊரே வழியில் நிற்கிறது.

"எங்க போற? அம்மனுக்குக் காப்புக் கட்டிக்கினு எல்லை தாண்டக்கூடாது" என்றார் தசரதன்.

"எப்ப அவுப்பீங்க?"

"மழை பேஞ்சா."

"எப்ப பெய்யும்?"

"அது தெரிஞ்சா நான் எதுக்குக் காப்புக் கட்டறேன்?"

சாயபுவுக்கு ஆள் அனுப்பினேன். "மழை அல்லாவோட கையில இருக்குது, நான் குறுக்க வரமாட்டேன். கடுக்காய மட்டும் கழுதை மேல அனுப்பு" என்று பதில் வந்தது. கடுக்காய் போய்விட்டது. நான் நின்றேன்.

தினமும் காரை எல்லைக்கல் வரை ஓட்டிப் போய் ஆலங்காயத்தைப் பார்ப்பேன். மூக்கு கல்லைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். தசரதன் பின்னால் எடுக்கச் சொல்வார். எடுப்பேன்.

எட்டாம் நாள் காலை வசந்தி மலையேறி வந்தாள், கூடவே அவள் அப்பா. இருவரும் கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றார்கள்.

"காப்பு காருக்கா, ஒனக்கா?" என்றாள்.

"ரெண்டு பேருக்கும்."

"நாளைக்கு விடிகாலை முகூர்த்தம். நான் உள்ள வந்துடறேன், அம்மன் கோயில்லயே கட்டு."

"காப்போட தாலி கட்டக்கூடாதும்மா" என்றார் தசரதன். நியாயமாகத்தான் சொன்னார். அவர் சொன்னதெல்லாம் நியாயமாகவே இருந்தது, அதுதான் கஷ்டம்.

"மாமா, ஒரு வாரம் தள்ளிப் போடுங்களேன்" என்று ரங்கசாமியைக் கேட்டேன்.

"பந்தக்கால் நட்டாச்சே, மாப்ள. நட்டத புடுங்கக்கூடாது. அந்த வூட்ல நாளைக்கு ஒரு தாலி ஏறியாவணும்."

"எனக்காக நட்ட கால் தானே?"

"அது அதுக்குத் தெரியுமா? பஸ் கண்டக்டர் ஒருத்தன் இருக்கான், ஒன்னுவிட்ட அக்கா மகன். நேத்தே கேட்டுட்டேன். சட்டைக்கு அளவு குடுத்துட்டான்."

வசந்தி என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நூலுதான? பல்லால கடி. காரு இங்கயே கெடக்கட்டும். நடந்தே போய்டலாம், வா."

கையை வாய்க்குக் கொண்டுபோனேன். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். ஊர் மொத்தமும் நின்றது. சின்னக்குழந்தை என்ற கிழவி காய்ந்த சாமைக் கதிர் ஒன்றைக் கையில் வைத்திருந்தாள். என்னிடம் காட்டவில்லை, சும்மா வைத்திருந்தாள். அவர்கள் திட்டியிருந்தால் கடித்திருப்பேன்.

கையைக் கீழே போட்டேன்.

"சரி" என்றாள் வசந்தி. "கண்டக்டருக்கு உசரம் கம்மி. நான் குனிஞ்சிக்கிறேன்." முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். ரங்கசாமி மட்டும் ஒரு தரம் திரும்பி, "காரையாவது குடுத்தனுப்பறியா, ஊர்வலத்துக்கு?" என்றார். அதற்கும் காப்பு இருப்பதைச் சொன்னேன்.

மறுநாள் விடிகாலை காரை எல்லைக்கல் வரை ஓட்டி நிறுத்தினேன். முகூர்த்த நேரத்துக்கு ஆலங்காயத்தின் மேல் மேகம் திரண்டு, வெள்ளை வேட்டியை உதறின மாதிரி மழை இறங்கியது. அப்படியொரு மழை. மேளச் சத்தமும் இடியும் ஒன்றாக மேலே வந்தன. காரின் மூக்கு நுனி மட்டும் நனைந்தது.

தசரதன் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று, கையை நீட்டி, உள்ளங்கையைப் பார்த்தார். காய்ந்திருந்தது.

"கொஞ்சம் தள்ளிப் பெய்யுது" என்றார்.

பின்னால் எடுத்தேன்.