பெரிய எண் போட்ட காதடைப்பான்

போர் கிணறு போடுகிற ரிக் வண்டியில் வேலை செய்கிறவனுக்கு எண் என்றால் ஆழம். எத்தனை அடி என்பதுதான் முதல் பேச்சு. ஐந்நூறு அடி போடுகிற வண்டிக்காரனை ஆயிரம் அடி போடுகிற வண்டிக்காரன் மதிக்க மாட்டான். கம்ப்ரசரும் அப்படித்தான், ஹோஸும் அப்படித்தான். பெரிய எண் போட்டது நல்லது, சின்ன எண் போட்டது சல்லிசு. திருச்செங்கோட்டில் வண்டியேறி ஊர் ஊராகப் போய் போர் போட்ட இத்தனை வருஷத்தில் நான் தெரிந்துகொண்ட கணக்கு இது. இந்தக் கணக்கைத்தான் என் மகளின் காதிலும் போட்டுப் பார்த்தேன்.

மகள் மலர்விழி ஆர்க்கெஸ்ட்ராவில் ரிதம் பேட் வாசிக்கிறாள். குச்சியால் தட்டினால் தவில், டோலக், பம்பை என்று எல்லாச் சத்தமும் வருகிற பலகை அது. வீரபாகு என்பவர் நடத்துகிற குழு. கோயில் நோம்பி, கல்யாணம், காதுகுத்து என்று சேலம், நாமக்கல் பக்கமெல்லாம் போகிறார்கள். மாசியில் தொடங்கினால் வைகாசி வரைக்கும் ஓய்வு கிடையாது.

பங்குனியில் ஒருநாள் கச்சேரி முடிந்து வந்தவள், சோற்றில் கை வைத்தபடி கேட்டாள். "அம்மா, மிக்சி ஓடுதுங்களா?"

"மிக்சியா? அத உன்ற தலைமேலதான் ஓட்டோணும். தின்னு மொதல்ல" என்றாள் பொன்னாத்தாள்.

மகள் சிரிக்கவில்லை. காதைத் தேய்த்துக்கொண்டாள். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. கம்ப்ரசர் பக்கத்தில் நின்று நின்று என் இடது காது போய்விட்டது. போவதற்கு முன்னால் அதுவும் இப்படித்தான், இல்லாத மிக்சியை ஓட்டிக் காட்டியது.

சேலத்தில் ஒரு காது டாக்டரிடம் போய் வந்தாள். இன்னும் போகவில்லை, ஆனால் போக ஆரம்பித்திருக்கிறது, போனது திரும்பாது என்று சொல்லியிருக்கிறார். வாசிப்பதை விட முடியாது என்றால் காதில் அடைப்பான் இல்லாமல் மேடை ஏறக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்.

"பாட்டுக்காரங்களுக்குன்னே தனியா இருக்குதாமுங்கப்பா. எல்லாச் சத்தமும் ஒரே அளவாக் கொறைஞ்சு கேக்குமாம். அதப் பாத்து வாங்கோணுமாம்" என்றாள்.

"சத்தம்னா என்னான்னு எனக்குத் தெரியாதா? நீ பிராக்டிஸுக்குப் போ சாமி. நான் வாங்கியாரேன்."

ரிக்கில் நாங்கள் காதுக்குள் வைத்தது மிஷின் துடைக்கிற கழிவுப் பஞ்சு. முதலாளி எதுவும் வாங்கித் தந்ததில்லை. அதனால் மகளுக்காவது நல்லதாக வாங்க வேண்டும் என்று செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். ஒரு சந்துக்குள், கையுறையும் கம்பூட்ஸும் ஹெல்மெட்டும் தொங்குகிற கடை.

"எந்தச் சத்தத்துக்குங்க? தறிக்கா, மில்லுக்கா?" என்று கடைக்காரர் கேட்டார்.

பாட்டுக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். பாட்டுக்குக் காதை அடைப்பதா என்று சிரிப்பார் என நினைத்து, "எல்லாச் சத்தத்துக்குந்தான்" என்றேன்.

நாலைந்து தினுசு எடுத்துப் போட்டார். கயிறு கோத்த ரப்பர், குடை மாதிரி மடிப்பு மடிப்பாக ஒன்று, விரலால் உருட்டித் திணிக்கிற ஆரஞ்சு நிறப் பஞ்சு. அட்டைகளைத் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் இங்கிலீஷ். தமிழையே தலை நரைத்த பிறகுதான் எழுத்துக் கூட்டினேன். ஆனால் எண் எல்லாருக்கும் ஒன்றுதானே. ஒரு அட்டையில் இருபது, ஒன்றில் இருபத்தைந்து. ஆரஞ்சில் முப்பத்து மூன்று. எது எதற்கு என்று கடைக்காரரிடம் கேட்டிருக்கலாம். நான் பார்த்து எடுப்பதுதான் பெருமையாக இருந்தது. முப்பத்து மூன்றை எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் போட்டுப் பார்த்தாள்.

"எப்படி இருக்குது சாமி?"

பதில் இல்லை. தோளைத் தொட்டு மறுபடி கேட்டேன். ஒன்றைக் கழற்றிவிட்டு, "ஒண்ணுமே கேக்கலீங்கப்பா" என்றாள்.

எனக்கு அது பாராட்டாகப் பட்டது. பொன்னாத்தாளைக் கூப்பிட்டு, "பாத்தியா, அட்டையப் படிச்சு நானா எடுத்தாந்தது" என்றேன். அன்றைக்கு ஒரு தடவை சொன்னேனா, நாலு தடவை சொன்னேனா, தெரியாது. மகள் என்னைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள். "நல்லா இருக்குதுங்கப்பா" என்று பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சித்திரையில் ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு கோயில் நோம்பிக்குக் கச்சேரி. பொழுது சாய்வதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டார்கள். மகள் வாசிப்பதை நான் பார்த்தது குறைவு, அதனால் போயிருந்தேன். மேடையில் அவளுக்கு வலப்பக்கமாக, கரும்பு ஜூஸ் வண்டியோரம் நின்றேன். என்னைப் பார்த்ததும் இரண்டு காதையும் தொட்டுக் காட்டினாள். ஆரஞ்சு தெரிந்தது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

மூன்றாவது பாட்டோ நாலாவதோ. நடுவில் ஓரிடத்தில் எல்லா வாத்தியமும் நிற்க, வீரபாகு மட்டும் மெல்ல ஒரு அடி பாடுகிறார். அவர் முடித்த பிறகுதான் தாளம் விழ வேண்டும். மலர்விழி அவர் பாடிக்கொண்டிருக்கும்போதே தடதடவென்று தட்டிவிட்டாள். கூட்டம் ஓவென்றது.

வீரபாகு மைக்கை எடுத்தார். "நம்ம பேட் அம்மிணிக்குக் கல்யாண நெனப்பு வந்துருச்சாட்ட இருக்குதுங்க. மாப்பிள்ளை யாராச்சும் கூட்டத்துல இருந்தா கையத் தூக்குங்க!"

விசில் பறந்தது. நானும் பல்லைக் காட்டினேன். அவள் குனிந்தபடி காதில் கை வைத்து என்னவோ செய்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் பக்கத்துக் காதில் ஆரஞ்சு இருந்தது. அதற்கப்புறம் தப்பே வரவில்லை. பழகிக்கொண்டாள் என்று நினைத்தேன்.

தண்ணீர் குடிக்க மேடையைச் சுற்றி மறுபக்கம் போனேன். அங்கிருந்து பார்த்தால் அவளுடைய இடது காது தெரிந்தது. வெறும் காது. அதற்கு நேராக, ஒரு கை தூரத்தில், வாசிக்கிறவர்கள் கேட்பதற்காக வைத்திருக்கும் மானிட்டர் பெட்டி. அதன் வாய் அந்தக் காதைப் பார்த்தே திறந்திருந்தது.

எனக்குக் காட்டுவதற்காக ஒரு காதில் போட்டிருந்தாள். வாசிப்பதற்காக மறு காதைத் திறந்துவிட்டிருந்தாள்.

நான் அவள் பார்வையில் படுகிற மாதிரி இந்தப் பக்கம் வந்து நின்றால், இந்தக் காதிலும் போட்டுக்கொள்வாள். மறுபடி தாளம் தப்பும். மறுபடி மாப்பிள்ளைப் பேச்சு வரும். நிற்கவும் முடியாமல், போகவும் முடியாமல், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் பலகையில் உட்கார்ந்திருந்த முருகானந்தத்திடம் போனேன். சவுண்டுக்காரர்.

"தம்பி, அந்தப் பெட்டியக் கொறைங்க."

"ஏனுங்ணா? நீங்க யாரு?"

"பேட் வாசிக்கற புள்ளயோட அப்பன்."

"அது சொல்லித்தானுங்ணா நான் ஏத்தினதே! பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வந்து, எனக்கு ஒண்ணுமே கேக்கலீங்ணா, மானிட்டர நல்லா ஏத்துங்கன்னு சொல்லுச்சு. எப்பவும் வெக்கறதவிட ரொம்ப மேல வெச்சிருக்கறேன். நானாக் கொறைச்சா என்னையத் திட்டுமுங்க."

அட்டையில் இருந்த எண் எவ்வளவு சத்தத்தை அடைக்கும் என்கிற கணக்கு என்று அப்போதுதான் உறைத்தது. அடைப்பான் போட்டதால் கேட்கவில்லை, கேட்காததால் பெட்டியை ஏற்றச் சொன்னாள், ஏற்றிய பிறகு அடைப்பானைக் கழற்றினாள். நான் எதுவுமே வாங்கித் தராமல் இருந்திருந்தால்கூட இவ்வளவு சத்தம் அவள் காதுக்குள் போயிருக்காது. இதை நான் ஒரு அட்டையைத் திருப்பிப் பார்த்து, தேர்ந்தெடுத்து, பெருமையாக வாங்கி வந்திருக்கிறேன்.

பாட்டுக்கு நடுவே ஊர்ப் பெரியவர்களுக்குப் பொன்னாடை போர்த்த ஆரம்பித்தார்கள். கீபோர்டுக்காரரும் மற்றவர்களும் எழுந்து கால் நீட்டினார்கள். நான் பின்பக்கப் படியில் ஏறி அவளிடம் போனேன்.

"மலரு, அந்த அடைப்பான் தப்பு."

"என்னங்கப்பா?"

"அடைப்பான் தப்பு சாமி."

"போட்டுட்டுத்தானுங்க இருக்கறேன், பாருங்க" என்று வலது காதைத் திருப்பிக் காட்டினாள். அடைத்த காது ஒன்று, அடிபட்ட காது ஒன்று. என் பேச்சு எதற்குள்ளும் போகவில்லை. அவள் மேற்கொண்டு ஏதோ சொன்னாள், என் இடது பக்கம் நின்று சொன்னதால் எனக்கும் விழவில்லை. பொன்னாடை வாங்குகிறவர்களின் பெயரை மைக்கில் கத்திக்கொண்டிருந்தார்கள். நானும் கத்தினேன்.

"அந்த அட்டையில என்ன எழுதியிருக்குதுன்னே எனக்குத் தெரியாது! நம்பரு பெருசா இருந்துச்சு, நல்லதாத்தான் இருக்கும்னு எடுத்தாந்துட்டேன்!"

பெயர் படிக்கிறவர் அந்த நேரம் பார்த்து மூச்சு வாங்க நிறுத்தியிருந்தார். மேடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

வீரபாகு வாயைப் பொத்திக்கொண்டு வந்தார். "ஏனுங்ணா, புள்ள காதுல போரா போட்டீங்க, அடிக்கணக்குப் பாத்து வாங்கியாந்திருக்கறீங்க?"

கீபோர்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கட்டும். மலர்விழி மட்டும் சிரிக்கவில்லை. வலது காதில் இருந்ததை எடுத்துவிட்டு எனக்கு எதிரே வந்து நின்றாள்.

"எனக்கு மொத நாளே தெரியுமுங்கப்பா."

"தெரிஞ்சுதான் சொல்லாம இருந்தியா?"

"நானா எடுத்தாந்ததுன்னு அம்மாகிட்ட எத்தன தடவ சொன்னீங்க. எப்படிச் சொல்றதுங்க?"

 கம்ப்ரசர் என் காதை எடுத்தது, அதற்கு முதலாளியைத் திட்டினேன். இவள் காதுக்கு யாரைத் திட்டுவேன்?

வீரபாகு சிரிப்பை நிறுத்திவிட்டார். முருகானந்தத்தைப் பார்த்துக் கையைக் கீழே இறக்கிக் காட்டினார். நானே பெட்டியைத் தூக்கித் தள்ளி, வாயைத் திருப்பி வைத்தேன். மிச்சக் கச்சேரியை அந்த ஆரஞ்சுப் பஞ்சைப் பாதி மட்டும் நுழைத்துக்கொண்டு வாசித்தாள். சந்தேகம் வந்த இடத்தில் வீரபாகுவின் கையைப் பார்த்துக்கொண்டாள்.

மறுவாரம் சூரமங்கலத்தில் ஒரு வாத்தியக் கடைக்குப் போனோம். அங்கே பாட்டுக்காரர்களுக்கான அடைப்பான் இருந்தது, சின்னதாக, நடுவில் துளை வைத்து. அட்டையில் எண் இருந்தது. நான் பார்க்கவில்லை. காது ஓட்டைக்குத் தக்க அளவு எது என்று அவளே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். கடைக்காரரைக் கீபோர்டு வாசிக்கச் சொன்னாள், கூடவே பேசச் சொன்னாள். தலையை ஆட்டியும் வாயைத் திறந்து மூடியும் பார்த்தாள்.

"பாட்டு பாட்டாவே இருக்குதுங்கப்பா. தள்ளி நின்னு கேக்கற மாதிரி, அவ்வளவுதான்."

"இடது காது?"

"மிக்சி ஓடிட்டேதானுங்க இருக்குது. சித்த நாள் போகட்டும்னு டாக்டர் சொல்லியிருக்கறாருங்க."

காசைக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தோம். 

டவுன் பஸ்ஸில் இருவர் உட்காரும் இருக்கை கிடைத்தது. அவளுக்கு நல்ல காது வலது. எனக்கும் வலது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் யாராவது ஒருவருடைய கெட்ட காது நடுவில் வந்துவிடும். அவள் யோசித்துக்கொண்டு நின்றாள்.

"நீ ஜன்னலுக்குப் போ சாமி" என்று அவளுடைய வலப்பக்கம் உட்கார்ந்தேன். நான் பேசினால் அவளுக்குக் கேட்கும். அவள் பேசுவது கேட்பதற்கு, ஊர் வந்து சேரும்வரை கழுத்தைத் திருப்பி அவள் வாயையே பார்த்துக்கொண்டு வந்தேன்.