ஓய்வு என்று ஒரு பெயர்

"அங்கனயே நில்லு," என்றாள் மாமியார் மூக்கம்மாள். "வீட்டுக்குத் தூரமானவ உள்ள போனா காயி வெளுத்துரும்."

ஏலக்காய் மூட்டைகள் அடுக்கிய அறை வாசலில் சுசித்ரா நின்றாள். கூடத்தில் மறுநாள் பேச்சுக்குப் போனில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த கணவனைப் பார்த்தாள். தலைப்பே மாதவிலக்கும் மூடநம்பிக்கையும்தான்.

அருள்மொழி அறிவியல் மன்றத்துப் பேச்சாளன். சொற்பொழிவு, சோதனை, வீதி நாடகம் என்று எந்த வழியிலாவது அறிவியலை ஜனங்களிடம் சேர்த்துவிடுவான். கல்லூரியில் அவன் பேச்சைக் கேட்டு மனசைப் பறிகொடுத்துத்தான், பெற்றவர்களோடு மல்லுக்கட்டி அவனைக் கட்டிக்கொண்டாள்.

"தீட்டுன்னு எவன் சொன்னான்? இது ஓய்வு," என்றான் அவன் நிமிராமல். "ஒடம்பு அசதியா இருக்கும்ல. சயின்ஸே சொல்லுது. பின்னாடி போயி படு."

பின்னாடி என்றால் மாட்டுக்கொட்டகை. தனிப் பாய், தனித் தட்டு. மாமியார் சொன்னதாவது பழைய பொய். இவன் அதற்குப் புதுச் சட்டை தைத்துப் போட்டுவிட்டான். அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

மறுநாள் கூட்டம் குரங்கணியில். பெண்கள் வருகிற இடம் என்று அவளையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டான். அன்றைக்கு மட்டும் ஓய்வு வேண்டாமாம்.

நன்றாகவே பேசினான். விலக்கான பெண் தொட்ட காயையும் தொடாத காயையும் தட்டில் வைத்து, நிறத்தில் வித்தியாசம் சொல்லச் சொன்னான். யாராலும் முடியவில்லை.

காயெடுக்கும் கருத்தம்மாள் எழுந்தாள். "அந்த நாள்ல தோட்டத்துக்குள்ள வராதன்னு கங்காணி வெரட்டுறாரு. கூலி போகுது. ஒங்க வீட்ல எப்பிடிண்ணே?"

"எங்க வீட்ல அதெல்லாம் கெடையாது. என் சம்சாரத்தையே கேளுங்க."

காட்டிக்கொடுக்க மாட்டாள் என்ற தைரியம். சுசித்ரா மைக்கை வாங்கினாள்.

"நேத்து நான் மாட்டுக்கொட்டகையிலதான் படுத்தேன். காய் இருக்குற ரூமுக்குள்ள என்னைய விடல. பின்னாடி போன்னு சொன்னது இவருதான்."

அருள்மொழியின் முகம் ஒரு கணம்தான் கறுத்தது. சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கிக்கொண்டான்.

"பாத்தீகளா, வீட்டுக்கு வீடு நடக்குற கொடுமைய எப்பிடி நடிச்சுக் காட்டுனாங்க. இதுதான் வீதி நாடகம். கைதட்டுங்க."

தட்டினார்கள். அவள் பட்டதைக்கூட அவன் தன் நிகழ்ச்சியில் சேர்த்துக்கொண்டான். இறங்கிப் போய்க் கருத்தம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நடிப்பா ஆத்தா?"

"இல்லக்கா."

கருத்தம்மாள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். "தட்டாதீகடி. இந்தப் பிள்ள நெசத்தச் சொல்லுது."

கைகள் ஒவ்வொன்றாக நின்றன. மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அருள்மொழி மட்டும் இன்னும் தட்டிக்கொண்டிருந்தான்.