நல்ல சேதிதாங்க

சொல்ல வேண்டியதை ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் அறிவியல் டீச்சர் போனை எடுத்தாள். முன்பின் தெரியாதவர்களோடு பேசுவதென்றாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேர் வீட்டுப்பாடம் செய்வதில்லை என்று தலைமையாசிரியை ஒரு திட்டம் போட்டிருந்தார். தினமும் நோட்டைப் பார்க்க வேண்டும். நன்றாகச் செய்கிறவர்களின் வீட்டுக்குப் போன் செய்து பாராட்ட வேண்டும். செய்யாதவர்களின் பெற்றோரை நேரில் வரச் சொல்ல வேண்டும். "ஸ்கூல்லேர்ந்து போன் வந்தாலே திட்டுறதுக்குத்தான்னு நினைக்கிறாங்க. கொஞ்சம் ஐஸும் வைப்போமே" என்று சிரித்தார்.

முதலில் மைனாவின் வீடு. கரகரத்த குரலுக்காக வகுப்பு வைத்த பெயர் அது. பல நாள் வெறும் நோட்டோடு வந்துகொண்டிருந்தவள், இப்போது ஒளிவிலகல் படங்களை ஸ்கேல் வைத்து வரைந்து வருகிறாள். ஒரு கதிர்கூடக் கோணவில்லை.

"அய்யய்யோ, என்ன பண்ணிட்டா டீச்சர்?" என்றாள் மைனாவின் அம்மா.

"நல்ல சேதிதாங்க." டீச்சர் தாளைப் பார்த்துப் படித்தாள். "உங்க பொண்ணு வீட்டுப்பாடம் ரொம்ப அழகா செய்யறா. அந்தப் படமெல்லாம் வரைய தினம் ஒரு மணி நேரமாவது உக்காரணும். நீங்க பக்கத்துல இருந்து பாத்துக்கறதாலதான்…"

மைனாவின் அம்மா இடைமறித்தாள்.

"எங்க வீட்லயா? எங்கங்க உக்காருறா? இருக்கிறது ஒரே ரூம். அதுல கம்பெனிச் சட்டை மலை மாதிரி கெடக்கு. அவ வந்ததும் ரெண்டு பேரும் பட்டன் தைக்கத்தான் உக்காருவோம்." நிறுத்தினாள். "கொஞ்ச நாளா வயித்து வலின்னு பாத்ரூமுக்குள்ள போய்ப் பூட்டிக்கிறா. கூப்பிட்டாலும் ஒரு மணி நேரத்துக்கு வர்றதில்ல. புள்ளைக்கு என்னமோ ஏதோன்னு உப்பு உறைப்பில்லாம சமைச்சுப் போட்டுட்டிருக்கேன். அவங்கப்பாவும் அதைத்தான் முனகிக்கிட்டே தின்னுட்டிருக்காரு." சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. கோபப்பட்டிருந்தால் டீச்சருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தாளில் அதற்கு மேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"அவ நல்லாப் படிக்கிறாங்க."

"படிக்கட்டும் டீச்சர், யாரு வேணாம்னா? குறிச்ச நேரத்துக்குச் சட்டை போகலேன்னா வேற வீட்டுக்குக் குடுத்துடுவாங்க. நான் ஒருத்தி கையால ஆகுமா? நீங்களே சொல்லுங்க."

டீச்சர் துண்டுத் தாளை மடித்தாள். "போன் பண்ணீங்களே, சந்தோஷம்" என்று அந்த அம்மாள் வைத்துவிட்டாள். மரியாதைக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. அதுவும் உண்மையாகத்தான் இருந்தது.

மறுநாள் மைனாவின் நோட்டில் தேதி மட்டும் இருந்தது.

"வீட்ல அடிச்சாங்களா?" டீச்சர் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இல்ல டீச்சர். அம்மா அழுதாங்க." கொஞ்சம் யோசித்து, "வயித்து வலி சரியாயிடுச்சு டீச்சர்" என்றாள்.

"மத்தியானம் சாப்பிட்டுட்டு ஸ்டாஃப் ரூமுக்கு வா. என் மேசையில உக்காந்து செய்."

மைனா பையைத் திறந்து காட்டினாள். புத்தகங்களுக்கு அடியில் சட்டைகள் மடித்து அடுக்கியிருந்தன. "பாக்கி விழுந்துடுச்சு டீச்சர். மத்தியானம் தைக்கச் சொல்லி அம்மா குடுத்து விட்டிருக்காங்க."

டீச்சர் இடக்கையில் வீட்டுப்பாடப் பதிவேடு. மைனாவின் பெயருக்கு நேரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. செய்யவில்லை என்று குறித்தால் அந்த அம்மாளை நேரில் வரச் சொல்ல வேண்டும். செய்தாள் என்று குறிக்கவும் கை வரவில்லை. பேனாவை அந்தக் கட்டத்தின் மேலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், உங்க கோட்டுக் கை பட்டன் தொங்குது. விழுந்துடும்."

வேண்டாம் என்பதற்குள் மைனா காலரின் உள்பக்கம் குத்தியிருந்த நூல் கோத்த ஊசியை எடுத்துவிட்டாள். டீச்சரின் மணிக்கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஊசி உள்ளே போனதும் வெளியே வந்ததும் கண்ணுக்குச் சிக்கவில்லை. நூலைச் சுற்றி, முடிச்சிட்டு, பல்லால் கடிக்கக் குனிந்தாள். தைத்த இடம் அத்தனை நேர்த்தியாக இருந்தது. நல்லா இருக்கு என்ற வார்த்தை டீச்சரின் உதடு வரைக்கும் வந்தது. பேனா பிடித்த கையை அப்படியே நீட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல் நின்றிருந்தாள்.