ரூபி சாப்பிடாத இரண்டு நாள்

1

இந்தக் கதை ஒரு பல்லிலிருந்து வந்தது. உள்நோக்கி வளைந்த, மஞ்சள் பூத்த பல். பார்த்த நொடியிலேயே எழுதக் கை பரபரத்தது. வெட்கம்தான். பரபரப்பு இன்னும் அடங்கவில்லை.

ராஜகீழ்ப்பாக்கத்தில் அன்று வெயில்

(வேண்டாம். எல்லாக் கதையிலும் வெயில்.)

ஜெயசீலி டீச்சருக்கு அந்த முயலை விட்டால்

(இரக்கம் கேட்கிறது. அடித்துவிட்டேன்.)

1992, பெரிய வெள்ளிக்கிழமை. ரூபி சாப்பிடவில்லை.

இது நிற்கட்டும். ரூபி சாம்பல் நிறச் சின்சில்லா முயல்.* டீச்சர் தனியாக இருப்பவர். நான் அவர் வீட்டு மாடியில் வாடகைக்கு.

* இதே பெயரில் தென்னமெரிக்க மலைகளில் வேறொரு பிராணி உண்டு. அதற்கும் பல் வளர்ந்துகொண்டே இருக்கும்.

2

சர்ச்சில் மூன்று மணி நேர மும்மணி ஆராதனை முடிந்து டீச்சர் வீட்டுக்கு வந்தவர்கள் கூண்டைச் சுற்றி நின்றார்கள். தட்டில் ரஸ்க் அப்படியே இருந்தது.

"காலையிலருந்து எதையும் தொடல," என்றார் டீச்சர். "டாக்டர்கிட்ட போலாமா?"

பக்கத்து வீட்டுத் தயாளன் சிரித்தார். "டீச்சர் வீட்டு முயலாச்சே. அதுவும் உபவாசம் இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். எதிர் வீட்டு அமலராணி தன் பிள்ளைகளை இழுத்துவந்து காட்டினாள். "பாருங்கடா. அதுக்கு இருக்கிற பக்தி உங்களுக்கு இருக்கா?"

டீச்சரும் சிரித்துவிட்டார். டாக்டரிடம் போகவில்லை.

3

தயாளன் சரியாக வரவில்லை. மீசை வைத்தேன். எடுத்தேன். அப்படி ஒருவர் இல்லை. உபவாசம் என்று சொன்னது நான். தினமும் பிஸ்கட் நீட்டியதும் நான்.

(இங்கே ஒரு காரணம் எழுதியிருந்தேன். நீக்கிவிட்டேன்.)

4

சனிக்கிழமை காலை ரூபியின் தாடை எச்சிலில் நனைந்திருந்தது. டீச்சர் துண்டில் சுற்றிக்கொண்டு என் ஸ்கூட்டரில் ஏறினார். தாம்பரத்தில் கால்நடை டாக்டர் ஸ்ரீரங்கன் அதன் உதட்டை விலக்கினார்.

அந்தப் பல்!

"என்னம்மா குடுக்கறீங்க?"

"ரஸ்க், பிஸ்கட். வர்றவங்க முறுக்கு, கேக்குன்னு..."

"புல்லு?"

டீச்சர் இல்லையென்று தலையாட்டினார்.

"இதுக்குச் சாகற வரைக்கும் பல்லு வளரும்மா. புல்லை மென்னாதான் தேயும். பசியில துடிக்குது. வாயை மூட முடியல."

"உபவாசம்னு நெனச்சோம் டாக்டர்."

"யாரு சொன்னா?"

டீச்சர் என் பக்கம் திரும்பாமல் ரூபியைத் தடவினார்.

பல்லை வெட்ட, என் சாவிக்கொத்தில் இருந்த நகவெட்டியை நான் அவசரமாக நீட்டினேன்.

"பல்லு பொளந்துடும் சார். உள்ள வைங்க." சுழலும் சிறு அரத்தால் அவரே தேய்த்தார். "முயல் வயிறு காலியா நிக்கக் கூடாது. இன்னிக்குள்ள புல்லு தின்னணும். இல்லேன்னா பிழைக்காது."

5

ஏப்ரல் மாதம். வீடு திரும்பும் வழியில் எங்கும் புல் இல்லை. பிள்ளையார் கோயில் வாசலில் டீச்சர் என் தோளைத் தட்டினார். "நிறுத்துங்க!" பூக்காரி கன்னியம்மாவிடம் ஓடினார்.

"அருகம்புல் மாலை ரெண்டு குடும்மா."

"இன்னா டீச்சர், நாளைக்கு ஈஸ்டரு. புள்ளையாருக்கு மாலையா?"

"முயலுக்கு. சாவக் கெடக்குது."

"அத்த மொதல்ல சொல்றதுக்கு இன்னா? கட்டாத புல்லே ஒரு கூடை கீது. தூக்கினு ஓடு!"

6

முடிவு ஒன்று: ரூபி முதல் இழையைக் கடித்து

முடிவு இரண்டு: டீச்சர் கூண்டை

நடந்தது எனக்குத் தெரியும். தின்றது என்றால் என்னை மன்னிப்பீர்கள். இல்லை என்றால் எனக்காக இரங்குவீர்கள். இரண்டும் வேண்டாம்.

கூண்டு திறந்திருக்கிறது. டீச்சர் தரையில் முழங்காலிட்டிருக்கிறார். ரூபியின் மூக்கு அசைகிறது. அசைகிறது!

இந்தாருங்கள், ஓர் அருகம்புல். கழுவியாயிற்று. நீட்டுங்கள்.