ஆரோக்கியமானவர் ஒன்று

ஆய்வகத்தில் எல்லோரும் அவளைப் பால்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். இரத்தத்திலிருந்து எடுத்த புரதங்களைக் கோடு கோடாக ஒரு வெள்ளைத் தாளில் பதிய வைத்து, அந்தத் தாளைப் பால்பவுடர் கரைசலில் ஊறப்போடுவது அவள் வேலை. பதின்மூன்று வருடமாக ஊறப்போடுகிறாள். முந்தின நாள் கரைசலைக் கொட்டாமல் யாராவது போய்விட்டால் மறுநாள் காலை புளித்த வாடை குடலைப் புரட்டும். கூடவே அழுகிய முட்டை போல நாறும் ஒரு மருந்து வேறு. இதற்கெல்லாம் அவள் மூக்கு எப்போதோ மரத்துப்போயிருந்தது. அவளுக்குச் சகிக்காத நாற்றம் ஒன்றே ஒன்றுதான், அது அவள் உடம்பிலிருந்து வந்தது.

சிறு வயதிலிருந்தே அவளுக்குக் கட்டி வரும். அக்குளில், தொடையிடுக்கில், முதுகில். பழுத்து உடைந்து சீழ் வடிந்து, ஒன்று ஆறுவதற்குள் பக்கத்திலேயே இன்னொன்று முளைத்து நிற்கும். பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து நாளுக்கு இரண்டு குளியல், பஞ்சு, பிளாஸ்திரி, முழுக்கைச் சட்டை. கல்யாணமாகி ஒன்பது வருடமாகியும் கணவன் எதிரில் விளக்கைப் போட்டுத் துணி மாற்றியதில்லை.

அந்த ஆய்வகத்தின் பிழைப்பே ஒரு மரபணுவை நம்பித்தான். எழுத்தும் எண்ணும் கலந்த அதன் பெயர் வாயில் நுழையாது. அது உண்டாக்கும் புரதத்துக்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர் தரகன். தரகன் தானாக ஒரு துரும்பையும் கிள்ளிப் போடாது. வெள்ளையணுவுக்குள் சேதி கொண்டுவரும் புரதம் ஒன்று, அதைக் கேட்டு நடக்க வேண்டிய புரதம் இன்னொன்று. இரண்டையும் கைபிடித்துச் சேர்த்து வைப்பதோடு அதன் வேலை முடிந்தது. தரகன் குறைந்தால் கிருமி வந்த சேதி போய்ச் சேராது. தோலில் கட்டி கட்டியாகக் கிளம்பும். சிலருக்கு அதோடு நிற்கும், சிலருக்கு நுரையீரல் வரை போகும்.

இதிலேயே புழங்குகிறவள் தன் கட்டியைப் பற்றி ஒரு நாளாவது யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. நோய் என்பது நோயாளிகளுக்கு வருவது. தனக்கு இருப்பது வெறும் அசிங்கம்.

தாளில் கோடு தடித்தால் தரகன் நிறைய, மெலிந்தால் குறைவு. ஒவ்வொரு நோயாளியின் கோட்டுக்குப் பக்கத்திலும் ஆரோக்கியமான ஒருவரின் கோடு இருக்க வேண்டும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. அந்த இரத்தத்தை ஆய்வகத்து ஆட்களிடமே எடுத்துக்கொள்வது வழக்கம். நான்கு வருடத்துக்கு முன் டைரக்டர் எல்லோரையும் நிற்க வைத்து, "நோய் நொடி இல்லாதவங்க யாரும்மா?" என்று கேட்டுப் படிவத்தை அவளிடம் நீட்டினார். அடிக்கடி தோலில் கட்டி வருவதுண்டா என்று அதில் ஒரு கேள்வி. சுற்றிலும் ஆண்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் 'இல்லை' என்று குறித்தாள். அவள் இரத்தப் புரதம் நூறு சின்னக் குழாய்களில் உறைய வைக்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் 'ஆரோக்கியமானவர் ஒன்று' என்று ஒட்டியதும் அவளேதான்.

போன மாதம் ஒரு தாய் ஐந்து வயதுப் பெண் குழந்தையைக் கூட்டி வந்திருந்தாள். குழந்தையின் கழுத்திலும் காதோரத்திலும் கட்டிகள், மற்ற இடமெல்லாம் தேய்த்துத் தேய்த்துச் சிவந்த தோல். இரத்தம் எடுக்கும்போது பால்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சீழின் வாடை அவளுக்குத் தெரிந்த வாடை. சீக்கிரம் போய்த் தொலைந்தால் போதும் என்றிருந்தது. தரகன் அளவு இயல்பாக உள்ளது என்று அறிக்கை போனது. அதைப் பார்த்த மருத்துவர், குழந்தையை இன்னும் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்.

இந்தத் திங்கட்கிழமை குழாய்கள் தீரும் நிலைக்கு வந்தன. புதிதாக வாட்ச்மேனிடம் இரத்தம் வாங்கி, பழையதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க மூன்றை ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினாள்: வாட்ச்மேன், ஆரோக்கியமானவர் ஒன்று, போன மாதம் எடுத்ததில் மிஞ்சியிருந்த அந்தக் குழந்தையின் இரத்தம். வாட்ச்மேனின் கோடு விரல் தடிமனில் இருந்தது. மற்ற இரண்டும் பென்சிலால் லேசாகக் கிழித்தது போல, ஒன்றுக்கொன்று அச்சு அசலாக.

ஊற்றியதில் தப்பு என்று திரும்ப ஓட்டினாள். மூன்றாவது தடவை வாட்ச்மேனோடு அவர் மனைவியின் இரத்தத்தையும் சேர்த்து ஓட்டினாள். அதற்கும் விரல் தடிமன். குழந்தையின் அளவு இயல்பு இல்லை. அவள் அளவைப் போல இருந்தது, அவ்வளவுதான்.

டைரக்டர் அந்தத் தாளின் படத்தைப் பார்த்துக்கொண்டே பிஸ்கட்டை டீயில் முக்கித் தின்றார். நனைந்த துண்டு ஒன்று அவர் மீசையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பழசத் தூக்கிப் போடு. இனிமே வாட்ச்மேன் ரத்தம்."

"சார், ஏற்கெனவே பதினோரு பேருக்கு ரிப்போர்ட் போயிருக்கு. அந்தச் சின்னப் பொண்ணுக்கு இப்ப இருமலும் வந்திருக்காம், நேத்து அவங்கம்மா போன் பண்ணாங்க."

"இத வெச்சு எழுதுன ஆராய்ச்சிக் கட்டுரை அச்சுக்குப் போயாச்சும்மா. அடுத்த வருஷம் மறு ஆய்வுன்னு ஒண்ணு வெச்சு மெதுவா சரி பண்ணிக்கலாம். யாரு வந்து கேக்கப் போறா?"

"அந்த ஆரோக்கியமானவர் ஒண்ணு நான்தானே சார். எனக்கும் கட்டி வரும். அன்னிக்கு ஃபார்ம்ல பொய் எழுதிட்டேன்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு டீக் கோப்பையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு, மேசை ஓரத்துப் புட்டியிலிருந்து கிருமிநாசினியைப் பிழிந்து இரண்டு கையிலும் தேய்த்துக்கொண்டார்.

"இத வெளிய சொல்லிட்டுத் திரியாத. உனக்குத்தான் அசிங்கம்" என்றார்.

பால்காரிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் தன்னைப் பார்த்தே குமட்டிப் பழகியவளுக்கு முதல் தடவையாக அது வேறொரு ஆளைப் பார்த்து வந்தது. அந்த மீசை, அந்தப் பிஸ்கட், பதினோரு பேரை மெதுவாகச் சரிபண்ணிக்கொள்ளும் அந்த நிதானம். இவரிடம் நல்ல பேர் வாங்கவா அன்றைக்கு 'இல்லை' என்று குறித்தோம் என்று நினைத்தபோது தன் மேலும் காறித் துப்பலாம் போலத்தான் இருந்தது.

அன்றே பதினோரு பேரின் மருத்துவர்களுக்கும் படத்தை அனுப்பினாள். கீழே, ஒப்பிடப் பயன்பட்ட ஆரோக்கியமானவர் நான், எனக்கும் இந்த நோய் இருப்பதாகத் தெரிகிறது, அறிக்கை தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் குழந்தையின் மருத்துவர் தாயை வரவழைத்து, பால்காரியையும் வரச் சொன்னார். அவர் புரதம், மரபணு என்று விளக்கிக்கொண்டே போனார். குழந்தை நடுநடுவே இருமியது. தாய் தரையையே பார்த்தாள்.

"நான் நல்லாத்தான் டாக்டர் குளிப்பாட்டுறேன். டெட்டால் ஊத்தித்தான் குளிப்பாட்டுறேன். நேத்துக்கூட நார் போட்டு…"

எத்தனை சொன்னாலும் அவள் காதில் ஏறப்போவதில்லை என்று பால்காரிக்குத் தெரிந்தது. தானும் இத்தனை வருடம் அப்படித்தானே இருந்தாள். எழுந்து சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, அக்குளிலிருந்த பிளாஸ்திரியை உரித்தாள். மஞ்சளாகப் பழுத்த கட்டி, சுற்றிலும் பழைய தழும்புகள். வாடை அந்தச் சின்ன அறையில் பரவியது.

தாய் சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டு நாற்காலியோடு பின்னால் போனாள்.

"நான் தினம் ரெண்டு வேளை குளிக்கிறேம்மா. முப்பது வருஷமா. இது அழுக்கு இல்ல" என்றாள் பால்காரி.

தாயின் கை மூக்கிலிருந்து மெதுவாக இறங்கியது. மடியிலிருந்த குழந்தையின் சட்டையைத் தூக்கி, தோலுரிந்த முதுகைப் பார்த்தாள்.

"நேத்து ராத்திரி வலிக்குதும்மா வலிக்குதும்மான்னு கத்துனா" என்றாள். "அழுக்கு போற வரைக்கும் விடமாட்டேன்னு நான் அவ வாயப் பொத்திட்டுத் தேய்ச்சேன்."