கீழ்ச்சுரத்தில் இறங்கும் மூக்கு

"சிரிங்க" என்றேன்.

மஹ்னூஷ் சிரித்தாள். மூக்கின் முனை மேலுதட்டை நோக்கிச் சரிந்தது.

"பார்த்தீங்களா டாக்டர், கிளி மாதிரி!" என்றாள் அவளுடைய அக்கா பரஸ்தூ. பரஸ்தூவின் மூக்கை வசந்தத்தில் நான்தான் சீர்செய்தேன். மூக்கின்மேல் பிளாஸ்திரிக்கு இனி வேலையே இல்லை. ஆனாலும் ஒட்டிக்கொண்டுதான் வந்திருந்தாள். டெஹ்ரானில் அதுவும் ஒரு நகை.

மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய தசை உண்டு. சிரிக்கும்போது முனையைக் கீழே இழுப்பது அதுதான். அதை வெட்டிவிடுவது என் வழக்கம்.

"அது போனதால யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை" என்றேன்.

"அதுக்கப்புறம் எனக்கு விசில் வரலை டாக்டர்" என்றாள் பரஸ்தூ.

"ஏன் சொல்லவே இல்லை?"

"மூக்கு அழகா இருக்கே! இந்த வயசுல விசிலடிச்சு யாரைக் கூப்பிடப் போறேன்?"

மஹ்னூஷ் மடியிலிருந்த நீளமான துணிப்பையை இறுகப் பிடித்தாள். உள்ளே நாணல் குழல். முன்பற்களுக்கு நடுவே வைத்து, மேலுதட்டால் மூடி ஊதுவது.

"இதுதான் என் பிழைப்பு. மேடையில எல்லார் கண்ணும் இந்த மூக்குமேலதான். ஆனா சத்தம் போயிட்டா மூக்கு எதுக்கு டாக்டர்?"

"இங்கேயே ஊதுங்க."

ஊதினாள். மேல்சுரங்களில் மூக்கு அசையவில்லை. கீழ்ச்சுரத்துக்கு வந்ததும் முனை மெல்ல இறங்கியது. இத்தனை வருடங்களாக நான் சிரிப்பை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

ஒரு பிளாஸ்திரியால் முனையை மேலே இழுத்து ஒட்டினேன். "இப்போ?"

கீழ்ச்சுரம் பாதி காற்றாக வந்தது.

"கெட்டில் கொதிக்கிற மாதிரி இருக்கு" என்றாள் பரஸ்தூ.

பிளாஸ்திரியின் குற்றமாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. பிளாஸ்திரியைப் பிரித்தெடுத்தேன். மேசையில் தேநீர் ஆறிப்போயிருந்தது.

"தசையைத் தொடமாட்டேன்" என்றேன் கடைசியில். "மூக்கோட உள்சுவர்லேருந்து கொஞ்சம் குருத்தெலும்பு எடுத்து, முனைக்கு முட்டுக்கொடுத்துத் தைக்கிறேன். சும்மா இருக்கும்போது நிமிர்ந்து நிக்கும். சிரிச்சா கொஞ்சம் விழும்."

"ஊதினா?"

"ஊதினாலும் விழும்."

"விழட்டும்."

அறுவை முடிந்து, வீக்கம் வடிந்து, ஊதலாம் என்று நான் சொன்ன பிறகு மஹ்னூஷ் அக்காவோடு வந்தாள். கண்ணாடியை நீட்டினேன், வாங்கவில்லை. குழலை எடுத்தாள். நான் நாற்காலியை நகர்த்தி, மூக்கருகே குனிந்து பார்த்தேன். மேல்சுரங்களில் நிமிர்ந்திருந்த முனை அப்படியே நின்றது. கீழ்ச்சுரம் வந்ததும் மெல்ல இறங்கியது. சத்தம் அறை முழுக்க நிறைந்தது. பரஸ்தூ உதட்டைக் குவித்து அதோடு சேர்ந்து விசிலடிக்கப் பார்த்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

மஹ்னூஷ் குழலை இறக்கினாள். "விழுதா டாக்டர்?"

"விழுது."

அப்புறம்தான் கண்ணாடிக்குக் கை நீட்டினாள்.